கடை நோட்டிலிருந்து கணினிக்கு: சிறு வணிகத்துக்குத் தொடர்பு மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது



வணிகப் பாடத்தில் ‘வாடிக்கையாளர் உறவு’ என்ற தலைப்பு வந்தால் மாணவர்கள் விமான நிறுவனத்தையோ வங்கியையோ எடுத்துக்காட்டாக எழுதுவதுண்டு. தவறில்லை. ஆனால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் நாம் தினம் கடந்துபோகும் கடைகளில் இதே பாடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே வாடிக்கையாளர் ஒரு எண் அல்ல. பெயரும், பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பமும் உள்ளவர். அந்தப் பெயர்களை எங்கே எழுதி வைப்பது, எந்த மென்பொருளில் வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சேலை விற்கிறார்கள், மாடியில் ரவிக்கையும் தைக்கிறார்கள். முதலாளியோடு சேர்த்து நான்கு பேர். வாடிக்கையாளர் எண்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. கணினியில் யாரோ எப்போதோ தொடங்கிப் பாதியில் விட்ட எக்செல் தாள். மூன்றாவது, பத்து வருடமாக வேலை பார்க்கும் அக்காவின் சொந்தக் கைப்பேசி. உண்மையில் உயிரோடு இருப்பது அந்த மூன்றாவதுதான். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு அளவு மாறியிருக்கிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார் எல்லாம் அந்த அக்காவின் புலனத்தில்தான். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் அவர் வேலையை விட்டுப் போனால், கடை தன் வாடிக்கையாளரில் பாதியை இழந்துவிடும். அவர் எதையும் திருடிப் போகவில்லை. கடை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் வாங்க வேண்டிய முதல் காரணம் இதுதான். ‘நவீனமாக மாற வேண்டும்’ என்பது காரணம் ஆகாது.

சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம், தேர்வில் குழப்பம் வராது. தொடர்பு மேலாண்மை என்றால் ஆள் யார், எப்படித் தொடர்புகொள்வது, கடைசியாக என்ன பேசினோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் ஓர் இடத்தில் வைத்திருப்பது. வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, அதாவது சி.ஆர்.எம்., அதைவிடப் பெரியது; விற்பனை வாய்ப்பு, விளம்பரம், புகார், அறிக்கை எல்லாம் அதற்குள் வரும். நம் நாட்டு வரையறைப்படி ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகவோ முழுநேரப் பணியாளர் 5 பேருக்குக் குறைவாகவோ இருந்தால் அது குறு நிறுவனம். மேலே சொன்ன சேலைக் கடை ஆள் கணக்கில் குறு நிறுவனத்தில் அடங்கிவிடும். அந்த அளவுக்குத் தொடர்பு மேலாண்மையே போதும். விற்க வருபவர்கள் மட்டும் எப்போதும் பெரியதைத்தான் காட்டுவார்கள்!

இந்த வகை மென்பொருள் புதிதல்ல. 1950களில் அமெரிக்க அலுவலக மேசைகளில் சுழலும் அட்டை அடுக்கு ஒன்று வந்தது, ரோலோடெக்ஸ் என்று பெயர். அதையே கணினிக்குள் கொண்டுவந்தது 1987-இல் வெளியான ‘ஆக்ட்!’ என்ற மென்பொருள். 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், மென்பொருளைக் கணினியில் நிறுவாமல் இணையம் வழியே மாதச் சந்தாவுக்குத் தரும் வழியைப் பரப்பியது. இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான ஒரு கிளையும் உண்டு. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் சென்னையில் வளர்ந்து, 2005-இல் ஜோஹோ சி.ஆர்.எம்.-ஐ வெளியிட்டு, 2009-இல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. சின்னக் கடைகளுக்காகவே ‘பிகின்’ என்ற எளிய வடிவத்தை 2020-இல் கொண்டுவந்தார்கள். 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போனது. உலகச் சிறு வணிகங்கள் பயன்படுத்தும் தொடர்பு மென்பொருளில் ஒரு நல்ல பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் ‘நம்ம ஊர் ஆளு செஞ்சது’ என்பது வாங்குவதற்குக் காரணமாகாது. ஏன் என்று இதோ பாருங்க.

பெயர்தான் முதல் சோதனை.

அடையாள அட்டையில் ‘சுப்பிரமணியம் ஏ/எல் முத்துசாமி’ என்று இருக்கிறது. ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன். ஏ/பி என்றால் அனாக் பெரெம்புவான், இன்னாருடைய மகள். இதில் குடும்பப் பெயர் எங்கே? கிடையாது. பின்னால் இருப்பது அப்பா பெயர். ஆனால் மேற்கத்திய வழக்கத்தை வைத்துச் செய்த மென்பொருள் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் காட்டும். சேல்ஸ்ஃபோர்ஸில் கடைசிப் பெயர் கட்டாயம், அதை நிரப்பாமல் ஒரு தொடர்பைச் சேமிக்க முடியாது. சென்னையில் வளர்ந்த ஜோஹோ சி.ஆர்.எம்.-இலும் அப்படியேதான்! அங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

சரி, கடைக்காரர் கட்டத்தை நிரப்புகிறார். முதல் பெயர் சுப்பிரமணியம், கடைசிப் பெயர் முத்துசாமி. தீபாவளி வருகிறது. மென்பொருள் தானாக ஒரு வாழ்த்து அனுப்புகிறது: ‘அன்புள்ள திரு. முத்துசாமி’. மகனை அப்பா பெயரால் கூப்பிட்டாயிற்று. அப்பா சென்ற ஆண்டு காலமாகியிருந்தால் அந்தச் செய்தியைப் படிப்பவர் மனம் என்னவாகும்? பெண்களுக்கு இது இன்னும் மோசம். நம் நாட்டில் திருமணத்துக்குப் பிறகும் அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் நிற்கும். மென்பொருள் ‘திருமதி’ என்று முன்னால் போட்டுக் கடைசிப் பெயரைச் சேர்த்தால், மகளை அப்பாவுக்கே மனைவியாக்கிவிடுகிறது. இருபது வருட வாடிக்கையாளரைக் கோபப்படுத்த இது ஒன்றே போதும்.

நம் பெயரோடு இது நிற்கவில்லை. கிள்ளான் கடைக்குள் வருகிறவர்களில் மலாய்க்காரர் பெயரில் பின், பிந்தி என்று அப்பா பெயர் வரும். அதுவும் குடும்பப் பெயர் அல்ல. சீனர் பெயரில் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முதலில் வரும்: லிம் என்று தொடங்கினால் லிம்தான் குடும்பப் பெயர். சீக்கியர்களைக் கடைசிப் பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாரும் சிங், எல்லாரும் கவுர். இதற்கு நடுவில் டத்தோ, டத்தின், ஹஜி போன்ற பட்டங்களை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒரே தெருவில் நான்கு விதப் பெயர் முறை. கடை நோட்டுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை, ஒரு கோட்டில் முழுப் பெயரை எழுதிவிட்டுப் போகலாம்.

தொழில்நுட்ப உலகமும் இதை மெதுவாகப் புரிந்துகொண்டது. ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பை மாற்ற உதவும் வி.கார்டு என்ற பொதுத் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்த அதன் 3.0 பதிப்பில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்த கட்டமும் கட்டாயம், முழுப் பெயரும் கட்டாயம். 2011-இல் வந்த 4.0 பதிப்பில் முழுப் பெயர் மட்டுமே கட்டாயம். பிரித்து எழுதுவது விருப்பம். ஆகவே ‘பெயரைப் பிரிக்காமல் முழுசா போட முடியுமா?’ என்று விற்பனையாளரிடம் கேட்பது அநாவசியக் கேள்வி அல்ல, தைரியமாகக் கேளுங்கள்.

கட்டாயக் கட்டம் இருந்தால் என்ன வழி? கடைசிப் பெயர் கட்டத்திலேயே முழுப் பெயரையும் போட்டுவிட்டு முதல் பெயரைக் காலியாக விடலாம். அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கட்டம், ‘அழைக்கும் பெயர்’ என்று இன்னொரு கட்டம் நாமே சேர்த்துக்கொள்ளலாம். அந்த அழைக்கும் பெயர் கட்டம்தான் தங்கம். அதில் ‘சுப்ராண்ணே’ என்றோ ‘லெட்சுமி டீச்சர்’ என்றோ இருக்கட்டும். வாழ்த்துச் செய்தி அந்தக் கட்டத்திலிருந்து பெயரை எடுக்கும்படி அமைத்துவிடுங்கள். இப்படிச் சொந்தக் கட்டம் சேர்க்க விடாத மென்பொருள் நம் கடைக்கு ஆகாது.

எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒரே பெயர். ரோமன் எழுத்தில் எழுதும்போது இன்னும் பத்து விதம் வரும். பிறப்புப் பதிவின்போது எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே அட்டையில் ஏறியிருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடினால் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு உருவாகும்; அளவு ஒன்றில், பாக்கி இன்னொன்றில். மென்பொருள் இரட்டைப் பதிவை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். ஹப்ஸ்பாட் போன்றவை அடிப்படையில் மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் ஒரே ஆளா என்று முடிவு செய்கின்றன. ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அம்மா எத்தனை பேர் மின்னஞ்சல் தருவார்கள்? நம் கடைக்குத் தொலைபேசி எண்ணை வைத்து ஒப்பிடும் மென்பொருள் வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை: பாட்டியும் மருமகளும் ஒரே எண்ணைக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. ‘ஒரே எண் என்றால் ஒரே ஆள்’ என்று மென்பொருள் கேட்காமலே இணைத்துவிட்டால், பாட்டி அளவில் மருமகளுக்கு ரவிக்கை தைத்துவிடுவோம்.

எண்களுக்கு வருவோம். பழைய எக்செல் தாளிலிருந்து மாற்றும்போதுதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 012 என்று தொடங்கும் எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால், எக்செல் அதை எண்ணிக்கை என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தூக்கி எறிந்துவிடும். சரி, நாட்டுக் குறியீடு 60 சேர்த்து எழுதலாம் என்றால், 012 வகை எண் மொத்தம் 11 இலக்கம், தப்பித்துவிடும். ஆனால் 011 வகை எண்களில் ஓர் இலக்கம் கூடுதல். 60 சேர்த்தால் 12 இலக்கம். அந்த அளவு வந்ததும் எக்செல் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும், நடுவில் ஓர் ஆங்கில ‘இ’ எழுத்தோடு. அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருக்கிய வடிவமே பதிவாகி, கடைசி இலக்கங்கள் தொலைந்தே போகும். மாணவர்களே, எல்லா எண்ணும் பூஜ்ஜியத்தில் முடிந்திருக்கும் பட்டியலை யாராவது கொடுத்தால் காரணம் இதுதான். எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். தமிழில் எழுதிய குறிப்புகள் இருந்தால், ஏற்றி, இறக்கி, திரும்பத் திறந்து பாருங்க. எழுத்து கட்டம் கட்டமாகவோ கோணல் குறிகளாகவோ வந்தால் யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்கம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று பொருள்.

ஆசிரியர்களுக்கு நன்றாகப் புரியும் இன்னொரு சோதனை இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்சி நூல் விற்கும் ஒரு சிறு பதிப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பதிப்பகத்தின் நோட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே தலைமையாசிரியர் பெயர். ஜனவரியில் பாதிப் பேர் மாற்றலாகிவிட்டால்? பள்ளி அங்கேயே இருக்கிறது, ஆள் மாறிவிட்டார். பழைய ஆளோ வேறு பள்ளியில் இருக்கிறார், அங்கும் நூல் வாங்கக்கூடியவர். எனவே ‘நிறுவனம்’ ஒரு பதிவாகவும் ‘ஆள்’ வேறு பதிவாகவும் இருந்து, இரண்டுக்கும் இடையில் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டக்கூடிய முடிச்சு இருக்க வேண்டும். சேலைக் கடைக்கு இது தேவையில்லை. பள்ளிகளுக்கோ கோயில்களுக்கோ நிறுவனங்களுக்கோ விற்பவருக்கு இது இல்லாமல் முடியாது. நிறுவனங்களுக்கு விற்பவர்கள் மின்-விலைப்பட்டியலையும் நினைவில் வைக்க வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நடைமுறைப்படுத்திவரும் அந்த முறையில், வாங்குபவரின் வரி அடையாள எண், பதிவு எண், முகவரி, தொலைபேசி எல்லாம் கேட்கப்படும். அவற்றுக்கும் கட்டம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இனி என்னதான் வாங்குவது? மூன்று படிகள் உண்டு. முதல் படியில் நிற்கிறவர் இரண்டாம் படிக்கு ஓட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஒரே ஆள் நடத்தும் கடை என்றால், 2018-இல் வந்த வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியும் கூகுள் தொடர்புகளும் போதும். முன்னதில் ‘புதிய ஆர்டர்’, ‘பணம் பாக்கி’ என்று அடையாளச் சீட்டு ஒட்டலாம், அடிக்கடி கேட்கும் கேள்விக்குத் தயார் பதில் வைக்கலாம். பின்னது 25,000 தொடர்புகள் வரை இலவசமாக வைத்திருக்கும், சி.எஸ்.வி.-யாகவும் வி.கார்டாகவும் இறக்கித் தரும். முக்கியம்: இவை கடையின் எண்ணிலும் கடையின் கூகுள் கணக்கிலும் இருக்க வேண்டும், பணியாளருடைய சொந்தக் கணக்கில் அல்ல. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசே செலவில்லை, ஆனால் மேலே சொன்ன அக்கா பிரச்சினையில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு குறை: புலனத்தின் சாதாரண ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டு மூன்று பேர் ஒரே வாடிக்கையாளரைக் கவனிக்கத் தொடங்கும்போது இரண்டாம் படி வேண்டும். பிகின் போன்ற எளிய தொடர்பு மென்பொருள் இங்கே வரும். யார் கடைசியாகப் பேசினார், என்ன சொன்னார், ‘வெள்ளிக்கிழமை கூப்பிடு’ என்ற நினைவூட்டல், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி ஆகியவை கிடைக்கும். பணியாளர் விலகினால் அவருடைய நுழைவை மூடிவிட்டுப் பதிவுகளை அடுத்தவருக்கு மாற்றலாம். மூன்றாம் படியான முழு சி.ஆர்.எம். பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. தனி விற்பனைக் குழு இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை விட்டுவிட முடியாது. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடல்பிடிப்பு நிலையங்களும் அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக இருக்கின்றன. அவையும் சிறு வணிகம்தான், அவர்களுக்கும் வாடிக்கையாளர் பட்டியல் உண்டு. அவர்களுக்கு மென்பொருள் தேர்வில் முதல் கேள்வி விலை அல்ல: திரையை வாசித்துச் சொல்லும் கருவியோடு அது ஒத்துப்போகிறதா? ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதப்பட்டிருந்தால் கருவி அதைப் படித்துச் சொல்லும். வெறும் படமாக இருந்தால் ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். வண்ண வண்ணப் பலகைகளை இழுத்துப் போடும் அழகான மென்பொருள்கள் இங்கேதான் சறுக்கக்கூடும். வாங்குமுன் திரையை அணைத்துவிட்டு, கருவியின் குரலை மட்டும் கேட்டு ஒரு தொடர்பைச் சேர்க்க முடிகிறதா என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது சட்டம். ‘சின்னக் கடைக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிக நடவடிக்கையில் தனிநபர் தரவைக் கையாளும் எவருக்கும் அது பொருந்தும், கடை சிறிதாக இருந்தாலும். தேர்வு மாணவர்கள் அதன் ஏழு கோட்பாடுகளைத் தெரிந்துவைத்திருங்கள்: பொதுக் கோட்பாடு, அறிவிப்பும் தெரிவும், வெளியிடல், பாதுகாப்பு, வைத்திருக்கும் காலம், தரவின் சரித்தன்மை, அணுகல். 2024-இல் திருத்தம் நிறைவேறி 2025-இல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. கோட்பாடுகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து 1,000,000 ரிங்கிட்டாகவும், உச்ச சிறைத்தண்டனை இரண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும் உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைக்காரருக்கு இது நடைமுறையில் என்ன? எண்ணை வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்; கூடவே தமிழிலும் ஒட்டினால் பாட்டிகளுக்கும் புரியும். ‘எனக்கு இனி விளம்பரம் அனுப்பாதீங்க’ என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்த வேண்டும். ஆகவே மென்பொருளில் ‘அனுப்ப வேண்டாம்’ என்று குறிக்கும் கட்டம் இருந்து, அந்தக் குறி உள்ளவரை அது தானாகவே விட்டுவிட வேண்டும். அடையாள அட்டை எண்ணைத் தேவையில்லாமல் வாங்காதீர்கள். ரவிக்கைக்கு அளவு வேண்டும், ஐ.சி. எண் எதற்கு?

குறிப்புக் கட்டத்தில்தான் பெரும் ஆபத்து. உடல்நிலையும் சமய நம்பிக்கையும் சட்டத்தில் நுண்ணிய தரவு. அவற்றைப் பதிய வெளிப்படையான சம்மதம் தேவை. உடல்பிடிப்பு நிலையம் ‘முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்’ என்று எழுதினால் அது உடல்நிலைத் தரவு. உணவு ஏற்பாட்டாளர் ‘மாலை போட்டிருக்கிறார், சைவம்’ என்று எழுதினால் அதில் சமயமும் வந்துவிடுகிறது. ‘இந்த மாதம் சைவம்’ என்று மட்டும் எழுதினால் சமையலுக்குப் போதும். எழுதுவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் விற்காது. பணியாளருக்கு முதலாளிதான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

விலையைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம், கணிதமும் ஆகட்டும். ஒரு மென்பொருள் ஒருவருக்கு மாதம் 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஓராண்டு 1,920 ரிங்கிட். வெளிநாட்டு மின்னியல் சேவைக்கான வரி 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடாக இருந்து, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. அதைச் சேர்த்தால் 153.60 ரிங்கிட் கூடி, மொத்தம் 2,073.60 ரிங்கிட். ஒரு ரவிக்கை ஆர்டரில் கடைக்கு நிற்பது 30 ரிங்கிட் என்றால் இந்தச் செலவை மீட்க எத்தனை கூடுதல் ஆர்டர் வேண்டும்? வகுத்தால் 69.12, அதாவது 70 ஆர்டர். வணிகப் பாடத்தில் ‘தித்தேக் பூலாங் மோடால்’ என்று படிக்கும் சமநிலைப் புள்ளிதான் இது. நினைவூட்டல் அனுப்புவதால் ஆண்டுக்கு 70 ஆர்டர் கூடுமா என்று கடைக்காரரே நேர்மையாகச் சொல்லட்டும். கூடாது என்றால் முதல் படியிலேயே இருக்கலாம். இலவசத் திட்டங்களையும் கவனமாகப் படியுங்க. ஆள் எண்ணிக்கையிலோ பதிவு எண்ணிக்கையிலோ வரம்பு இருக்கும், வரம்பு முட்டும்போது கட்டணம் தொடங்கும். அதுவும் பெரும்பாலும் தீபாவளி நெருக்கத்தில்தான் முட்டும்!

வாங்கும் நாளிலேயே வெளியேறும் வழியையும் சோதித்துவிட வேண்டும். இருபது பதிவை ஏற்றுங்கள். அடுத்த நிமிடமே மொத்தமாக இறக்குங்கள். பெயரும் எண்ணும் மட்டும் வருகின்றனவா, அல்லது குறிப்புகள், நாம் சேர்த்த சொந்தக் கட்டங்கள், பேசிய வரலாறு எல்லாம் வருகின்றனவா? நிறையப் பேருக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிய வரும், குறிப்புகள் வெளியே வராது என்று. சந்தா நின்றால் தரவு எத்தனை நாள் இருக்கும், எந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் பத்துக் கற்பனைப் பெயர்களை எழுதட்டும். உண்மையான ஆட்களின் பெயரோ எண்ணோ வேண்டாம், சட்டத்தை இப்போதுதான் படித்தோம். பத்தில் ஒன்று ஏ/எல், ஒன்று ஏ/பி போட்ட திருமணமான பெண், ஒன்று பிந்தி, ஒன்று மூன்று சொல் சீனப் பெயர், ஒன்று சிங், ஒன்று டத்தோ பட்டத்தோடு; ஒரே எண்ணைப் பகிரும் இருவர்; இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒரே லெட்சுமி, அது இரண்டு பதிவு. எண்களில் 011 வகை கட்டாயம் ஒன்று இருக்கட்டும். பட்டியலை ஓர் இலவச மென்பொருளில் ஏற்றி, தீபாவளி வாழ்த்து ஒன்றை அனுப்பாமல் முன்னோட்டம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் எத்தனை பேர் சரியான பெயரில் அழைக்கப்பட்டார்கள், எத்தனை எண் முழுதாகத் திரும்பி வந்தது, இறக்கிய கோப்பில் எது காணாமல் போனது என்று ஒவ்வொரு குழுவும் அரைப் பக்கம் எழுதட்டும். ஒரு குழு வெறும் நோட்டுப் புத்தகத்தை வைத்தே இதே வேலையைச் செய்யட்டும். நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.